கோட்டாம்பட்டியை முதலில் படியுங்கள்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் பிள்ளைகள். மறு ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை அடுப்பு எரிந்தது. 2024இல் கிராமப்புறங்களின் உதவிபெறும் பள்ளிகளும், 2025இல் நகரங்களின் உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. இவ்வளவு செலவுக்குப் பலன் என்ன என்று கேட்பது வரி கட்டுகிறவர்களின் உரிமை. அதற்கு விடை தேடப் புறப்படுகிறவர்கள், கேள்வித்தாளை அச்சுக்கு அனுப்பும் முன்பு ஒரு வேலையை முடித்தாக வேண்டும். இதே கேள்வியை இதற்கு முன்பு யார் யார் கேட்டார்கள், எந்த ஊரில் கேட்டார்கள், என்ன கண்டார்கள் என்று தேடிப் படிக்க வேண்டும். நம்மிடம் பெரும்பாலும் விடுபட்டுப் போவது அந்த வேலைதான்.

மதிப்பீடு என்றால் ஏதோ அலுவலகக் காகிதம், நமக்கென்ன என்று தோன்றலாம். அப்படி ஒதுக்கிவிட முடியாது. பிழையான மதிப்பீடு ஒன்று ‘பலன் இல்லை’ என்று எழுதினால், அடுத்த நிதிநிலை அறிக்கையில் கை வைக்கப்படுவது பிள்ளைகளின் தட்டில். பிழையான இன்னொன்று ‘எல்லாம் நலம்’ என்று எழுதினால், பிள்ளையின் ரத்தசோகை அப்படியே இருக்க, நாம் கைதட்டிக்கொண்டிருப்போம். இரண்டு பிழைக்கும் பொதுவான காரணம், ஏற்கெனவே தெரிந்ததைத் தெரிந்துகொள்ளாமல் களத்தில் இறங்குவது.

கோட்டாம்பட்டியில் நடந்தது

மதுரையிலிருந்து திருச்சி சாலையில் மேலூரைத் தாண்டினால் கோட்டாம்பட்டி. உலகம் முழுவதும் ஊட்டச்சத்துத் திட்டங்களைப் படிக்கிறவர்கள் அறிந்த பெயர்களில் இதுவும் ஒன்று. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது இந்த ஒன்றியத்தில்தான். அப்போது நம் மாவட்டத்தின் பரப்பு இப்போதையதைவிட மிகப் பெரியது. திண்டுக்கல்லும் தேனியும் மதுரைக்குள் இருந்தன.

அந்தத் திட்டத்தை வரைந்தவர்கள் முதலில் படித்தார்கள். 1970களின் தொடக்கத்தில், அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் பணம் கொடுத்து நடந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு அவர்கள் கையில் இருந்தது. மாநிலத்தில் ஏற்கெனவே பல உணவூட்டும் திட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. உணவு மிகவும் தேவைப்பட்ட மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அவை சரியாகப் போய்ச் சேரவில்லை. மையத்தில் கொடுத்தது வீட்டுக்குப் போய்ப் பங்கு பிரிந்தது. அல்லது வீட்டுச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. குழந்தை மெலிந்ததற்கு வறுமை ஒரு காரணம் என்றால், எப்போது எதை எப்படி ஊட்டுவது என்ற பழக்கமும், அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கும் மற்ற காரணங்கள்.

இவற்றைப் படித்ததால்தான் திட்டத்தின் உருவமே மாறியது. எல்லோருக்கும் உணவு கொடுக்காமல், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் மூன்று மாதம் போலச் சத்துருண்டை. ஏறியதும் நிறுத்தம். அதே ஊர்ப் பெண்ணொருத்தி ஊழியராக இருந்து, தாயின் பக்கத்தில் உட்கார்ந்து எடை அட்டையைக் காட்டிப் பேசினாள். திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்தது என்று பின்னால் வந்த மதிப்பீடுகள் கூறின. மிதமான குறைவு அந்த அளவுக்கு இறங்கவில்லை என்றும் அவையே எழுதின.

இடையில் ஒரு சிக்கல் வந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு வயது முதலே பால்வாடிக் குழந்தைகளுக்கும் உணவு கிடைத்தது. ஊட்டச்சத்துத் திட்டம் நடந்த ஒன்றியத்திலும் சத்துணவு, நடக்காத ஒன்றியத்திலும் சத்துணவு. எந்தக் கிலோ எந்தத் திட்டத்தால் ஏறியது என்று பிரித்துச் சொல்வது கடினமாயிற்று. இன்று காலை உணவை மதிப்பிட வருகிறவர் எதிரே நிற்கும் சிக்கலும் இதுவே. மதியம் சத்துணவு, முட்டை, இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு நீக்க மாத்திரை என எல்லாம் அதே பிள்ளைக்குள் போகின்றன. நாற்பது ஆண்டுக்கு முன்பு நம் மாவட்டத்திலேயே இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்த அறிக்கைகளைப் புரட்டாமல் புதிய மதிப்பீடு தொடங்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வங்கதேசத்தில் மாமியார் இருந்தார்

கோட்டாம்பட்டிக் கதையின் இரண்டாம் பாகம் இன்னும் முக்கியமானது. இங்கே வெற்றி என்று அறிந்த உலக வங்கி, 1995இல் வங்கதேசத்தில் ஏறக்குறைய இதே மாதிரியில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைத் தொடங்கியது. எடை போடுதல், கூடுதல் உணவு, தாய்க்கு ஆலோசனை, எல்லாம் அதே வரிசை. எதிர்பார்த்த பலன் வரவில்லை. ‘சேவ் த சில்ரன்’ அமைப்பின் பிரிட்டன் கிளை 2003இல் கடுமையான விமர்சன அறிக்கையே வெளியிட்டது. 2005இல் உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவு காரணங்களைத் தோண்டி எடுத்தது.

அங்கே பல ஊர்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு பரிமாறுவது என்று முடிவு செய்வது மாமியார். தாய்க்கு ஆலோசனை சொன்னால் குழந்தையின் தட்டு மாறும் என்பது தமிழ்நாட்டில் பலித்தது. இங்கே அந்த முடிவில் தாய்க்குக் கணிசமான பங்கு இருந்தது. வங்கதேசத்தில் ஆலோசனை தாயின் காதில் விழுந்தது, முடிவெடுத்தவர் வேறொருவர். மையத்தில் தின்ற உணவு வீட்டில் குறைக்கப்பட்டதும் நடந்தது. நான்சி கார்ட்ரைட், ஜெரமி ஹார்டி இருவரும் 2012இல் சான்றுகளின் அடிப்படையில் கொள்கை வகுப்பது பற்றி எழுதிய நூலில், இந்தத் தமிழ்நாடு–வங்கதேச ஒப்பீட்டை முக்கியமான எடுத்துக்காட்டாக வைத்தார்கள்.

முன்னாய்வைப் படிக்கும் முறையையே இந்தக் கதை மாற்றுகிறது. ‘பலன் இருந்ததா’ என்ற ஒரு வரியைக் கடைசிப் பக்கத்தில் பார்த்து மூடிவிட்டால் போதாது. எதன் வழியாகப் பலன் வந்தது, அந்த வழியில் யார் யார் நின்றார்கள், அவர்கள் நம் ஊரில் இருக்கிறார்களா என்று படிக்க வேண்டும். கோட்டாம்பட்டி அறிக்கையை அப்படிப் படித்திருந்தால், டாக்காவில் முதல் நாளே மாமியாரையும் கூட்டத்துக்கு அழைத்திருப்பார்கள்.

காலை உணவு பற்றி உலகம் ஏற்கெனவே அறிந்தவை

நம் கேள்விக்கு வருவோம். பள்ளியில் காலை உணவு கொடுத்தால் என்ன நடக்கும்? இதைத் தமிழ்நாடு முதன்முதலாகக் கேட்கவில்லை.

ஜமைக்காவின் கிராமங்களில் 16 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 814 பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவு 1998இல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் பாதிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு. மீதிப் பேருக்கு ஆரஞ்சுப் பழத்தில் கால் பங்கு. எதற்கு அந்தக் கால் பழம்? யாரோ தினமும் வந்து கவனிக்கிறார்கள் என்பதே பிள்ளையின் போக்கை மாற்றலாம். அந்தக் கவனிப்பு இரு தரப்புக்கும் சமமாக இருக்கட்டும் என்பதற்காகத்தான். உணவு உண்டவர்களுக்கு உயரம், எடை, வருகை மூன்றும் கொஞ்சம் கூடின. சிறு வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். எல்லாமே சிறிய அளவில்.

அதே குழுவினர் அதற்கு முன்பு செய்த ஒரு சிறிய ஆய்வு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. காலை உணவுக்குப் பின் வகுப்பில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தார்கள். வசதியும் ஒழுங்கும் இருந்த பள்ளியில் பிள்ளைகள் பாடத்தில் கூடுதல் கவனம் வைத்தார்கள். நெரிசலும் வசதிக்குறைவுமான பள்ளிகளில், வயிறு நிறைந்த தெம்பில் பேச்சும் ஓட்டமும்தான் கூடின. உணவு தெம்பைத் தருகிறது. அந்தத் தெம்பு எங்கே போகிறது என்பதை வகுப்பறை முடிவு செய்கிறது.

மேற்குக் கென்யாவில் பாலர் பள்ளிகளில் கஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். 25 பள்ளிகளில் கொடுத்து, 25 பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். வருகை ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் தேர்வில் மதிப்பெண் கூடியது, நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்த இடங்களில் மட்டும். கஞ்சி ஊற்றுவதும் குடிப்பதும் கற்பிக்கும் நேரத்தைத் தின்றன. உணவு இருக்கும் பள்ளிக்குப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் இடம் மாறி வந்தார்கள்.

இந்தக் கடைசி விவரம் மதுரைக்கு நேராகப் பொருந்தும். 2022 முதல் 2025 வரை அரசுப் பள்ளியில் காலை உணவு இருந்தது. அடுத்த தெருவின் உதவிபெறும் பள்ளியில் இல்லாமல் இருந்தது. அந்த ஆண்டுகளில் பெற்றோர் பிள்ளையை மாற்றிச் சேர்த்திருந்தால், ‘உணவு உள்ள பள்ளி, இல்லாத பள்ளி’ என்ற ஒப்பீடே கோணலாகிவிடும். கென்யாவைப் படித்தவர் முதலில் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்பார். படிக்காதவர் இரண்டு பள்ளியின் மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதுவார்.

நம் நாட்டு ஆய்வுகளும் நிறைய. மத்தியப் பிரதேசத்தில் ஃபர்சானா அஃப்ரிதி ஒரு எளிய, அழகான முறையைக் கையாண்டார். பள்ளி உள்ள நாளில் பிள்ளை நாள் முழுவதும் என்னென்ன சாப்பிட்டது, விடுமுறை நாளில் என்ன சாப்பிட்டது என்று கேட்டு ஒப்பிட்டார். பள்ளியில் கிடைத்த சத்தில் பாதி முதல் முழுவதும் வரை பிள்ளைக்குக் கூடுதலாகவே சேர்ந்தது. வீட்டில் பெரிதாகக் குறைக்கப்படவில்லை. தனிகா சக்ரவர்த்தியும் ராஜஸ்ரீ ஜெயராமனும் இந்தியா முழுவதற்குமான தரவை வைத்து மதிய உணவை ஆராய்ந்தார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவு தரச் சொன்ன பிறகு மாநிலங்கள் வெவ்வேறு காலத்தில் தொடங்கின அல்லவா, அந்த முன்பின்னையே ஒப்பீடாக்கிக்கொண்டார்கள். ஐந்தாண்டு வரை உணவு உண்ட பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண், ஓராண்டுக்கும் குறைவாக உண்டவர்களைவிட 18 விழுக்காடு அதிகம்; கணக்கில் 9 விழுக்காடு.

இதன் நடைமுறைப் பொருள் தெளிவானது. உணவின் பலன் சிறுகச் சிறுகச் சேர்வது. ஆறு மாதத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்தி, கற்றலில் மாற்றம் இல்லை என்று எழுதுகிறவர், நாற்று நட்ட மறுவாரம் வயலில் கதிரைத் தேடுகிறார்.

எத்தனை பள்ளி பார்க்க வேண்டும்?

திட்டம் தொடங்கிய பின் மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், 1,543 பள்ளிகளில் 1,319இல் வருகை கூடியதாகச் செய்தி வந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் 2022–23, கொரோனாவுக்குப் பின் முழுதாகப் பள்ளி நடந்த முதல் கல்வி ஆண்டு. உணவு இல்லாத பள்ளிகளிலும் அவ்வாண்டு வருகை கூடியிருக்கக்கூடும். முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் இது பிரியாது.

எந்த அளவு மாற்றத்தை எதிர்பார்ப்பது நியாயம் என்பதையும் முன்னாய்வுதான் சொல்லும். பள்ளி உணவு பற்றிய 18 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏழை நாடுகளில் பள்ளி உணவு பெற்ற பிள்ளைகள், பெறாதவர்களைவிட ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு நாள் கூடுதலாகப் பள்ளிக்கு வந்தார்கள். 19 மாதத்தில் எடை சராசரியாக 390 கிராம் கூடுதலாக ஏறியது.

ஆண்டில் 200 நாளுக்கு மேல் நடக்கும் பள்ளியில் நான்கு நாள் என்பது நூற்றுக்கு இரண்டு. பத்துப் பள்ளிகளை எடுத்துப் பார்த்தால் இது கண்ணில் படாது. ஒரு காய்ச்சல் சுற்று, மேலூர்ப் பக்கம் ஒரு புரவி எடுப்பு, இவையே வருகையில் அதைவிடப் பெரிய ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவரும். சேர்க்கை ஏற்கெனவே நிறைந்திருக்கும் தமிழ்நாட்டில் உயர்வதற்கு இடமும் குறைவு. இதை முன்கூட்டியே அறிந்தவர், பள்ளிகளின் எண்ணிக்கையை நூற்றுக்கணக்கில் வைப்பார். அல்லது வருகையை விட்டு ரத்தசோகை, காலை இரண்டாம் பாடவேளையின் கவனம் என்று வேறு அளவைத் தேர்வார். அறியாதவர் சிறிய கணக்கெடுப்பு நடத்தி ‘மாற்றம் இல்லை’ என்பார். உண்மையில் மாற்றம் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைச் செய்தித்தாள் தலைப்பு ஒருநாளும் காட்டாது.

புத்தகத்தில் இல்லாத மல்லிகைத் தோட்டம்

‘வெளிநாட்டு ஆய்வு நமக்கெதற்கு, நம் ஊர் வேறு’ என்று சொல்வார்கள். நம் ஊர் வேறுதான். எந்த இடத்தில் வேறு என்று கண்டுபிடிப்பதற்காகவே மற்ற ஊர்களைப் படிக்கிறோம்.

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் மல்லிகை பறிக்கப் பெண்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். மொட்டு விரிவதற்குள் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ போயாக வேண்டும். கப்பலூர்த் தொழிற்பேட்டைக்கு வேன் ஏறுகிறவர்கள், நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் என்று காலையில் அடுப்புப் பக்கம் நிற்க நேரமில்லாத தாய்மார்கள் இந்தச் சமவெளி முழுவதும் இருக்கிறார்கள். காலை உணவுத் திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கங்களில் ஒன்று, வேலைக்குப் போகும் தாய்மார்களின் சுமையைக் குறைப்பது. பள்ளி உணவு பற்றிய முன்னாய்வுகளைப் புரட்டினால், இந்த நோக்கத்தை அளந்தவை மிகக் குறைவாகவே கிடைக்கின்றன. ஆக, இங்கே புதிதாக அளக்க வேண்டியது என்ன என்பதும் படித்ததால்தான் தெரிகிறது.

இதில் ஒரு முடிச்சும் இருக்கிறது. பள்ளியில் பொங்கல் கிடைக்கிறது என்று தாய் வீட்டில் காலைச் சமையலை விட்டுவிட்டால், ஊட்டச்சத்துக் கணக்குப்படி அது இழப்பு; வீட்டு உணவின் இடத்தைப் பள்ளி உணவு பிடித்துக்கொண்டது என்று எழுதுவார்கள். தாயின் சுமைக் கணக்குப்படி அதுவே வரவு. ஒரே நிகழ்வு ஒரு பட்டியலில் குறையாகவும் இன்னொன்றில் நிறையாகவும் விழுகிறது. வெளியூர்க் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டு வருகிறவர் முதலாவதை மட்டும் பதிவார்.

கூடவே, அந்த வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் அக்காவுக்கும், இன்னும் பள்ளிக்குப் போகாத தம்பிக்கும் காலையில் என்ன கிடைக்கிறது என்றும் கேட்டாக வேண்டும். திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். அடுப்பு எரியாத வீட்டில் அவர்கள் பட்டினியா, பழைய சோறா என்பது தெரியாமல் பலன் கணக்கு முழுமையாகாது. தட்டிலிருக்கும் உணவு குடும்பத்துக்குள் எப்படி நகர்கிறது என்று கோட்டாம்பட்டியும் வங்கதேசமும் கற்றுக்கொடுத்த பிறகும் இந்தக் கேள்வியை விடுவது மன்னிக்கத்தக்கதல்ல.

ஒற்றை ஆய்வு போதாது

படிக்கிறேன் என்று தனக்குப் பிடித்த ஓர் ஆய்வை மட்டும் எடுத்துவைத்துக்கொள்வது இன்னொரு நோய். இதற்கும் மதுரையே சாட்சி. அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர், 15,419 சிறு குழந்தைகளிடம் வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்துச் சோதித்தார்கள். குழந்தை இறப்பு 54 விழுக்காடு குறைந்ததாக 1990இல் வெளியிட்டார்கள். உலக மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்து, பிறந்த சிசுக்களுக்கே கொடுத்துப் பார்த்து, 2003இல் 23 விழுக்காடு இறப்புக் குறைவைப் பதிவு செய்தார்கள்.

பிறகு ஹரியானா, கானா, தான்சானியா என மூன்று இடங்களில் பெரிய அளவில் சிசுக்களிடம் சோதனை நடந்தது. 2015இல் வந்த முடிவுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. மதுரைக்காரர்களின் ஆய்வு தவறு என்று இதற்குப் பொருளில்லை. தாய்மாரிடம் வைட்டமின் ஏ குறைவு கடுமையாக இருந்த இடத்தில் ஒரு விடை, இல்லாத இடத்தில் வேறு விடை. ஓர் ஆய்வை மட்டும் படித்தவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவருக்கே தெரிந்தது.

தேடும் முறை

வேலை பெரிதல்ல, ஒழுங்கு வேண்டும். முதலில் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும்: யாருக்கு, எதைக் கொடுத்தால், எதோடு ஒப்பிட்டு, எது மாறும். பிறகு தொகுப்பு அறிக்கைகளிலிருந்து தொடங்கலாம். காக்ரேன், கேம்பெல், டெல்லியிலும் அலுவலகம் வைத்திருக்கும் த்ரீஐஈ ஆகிய அமைப்புகள் இவற்றை வெளியிடுகின்றன. பெரும்பாலானவற்றை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். தொகுப்புகள் சுட்டும் தனி ஆய்வுகளுக்குப் போய், ஒவ்வொன்றுக்கும் ஊர், ஆண்டு, வயது, ஒப்பீடு எப்படி அமைந்தது, என்ன அளந்தார்கள், எவ்வளவு மாறியது, எதனால் என்று ஒரு வரி எழுதினால் முப்பது வரிகளில் படம் தெளிந்துவிடும். இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒருவர் கண்ணில் விட்டது மற்றவர் கண்ணில் படும்.

பலன் இல்லை என்று கண்ட ஆய்வுகள் அச்சேறுவது அரிது. அவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் காந்திகிராமத்திலும் மதுரை மனையியல் கல்லூரியிலும் மாணவர்கள் சமர்ப்பித்த ஆய்வேடுகள் அலமாரிகளில் இருக்கின்றன. நம் ஒன்றியங்களின் பெயர்கள் அவற்றில்தான் வரும். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் இவற்றைத் தேடி வரமாட்டார். தேட வேண்டியவர்கள் நாம்.

செய்ய வேண்டியவை

அரசுத் திட்டங்களை மதிப்பிட ஒப்பந்தம் கோரும்போது, முன்னாய்வுத் தொகுப்பைத் தனி முதல் கட்டமாக வைத்து அதற்கென்று பணமும் ஆறு வாரமும் ஒதுக்க வேண்டும். அது வந்து, படித்து, ஒப்புக்கொண்ட பிறகே கேள்வித்தாளுக்கு அனுமதி. எத்தனை பள்ளி, எத்தனை மாதம், எந்த அளவுகோல் என்ற ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே, எந்த முன்னாய்வின்படி அந்த முடிவு என்று எழுதியிருக்க வேண்டும். நேரமில்லை என்பார்கள். நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு ஆளனுப்பும் செலவோடு ஒப்பிட்டால், இரண்டு பேரின் ஆறு வாரச் சம்பளம் ஒரு பொருட்டே அல்ல.

மாநிலத்தின் மதிப்பீடு மற்றும் செயல்முறை ஆராய்ச்சித் துறையும் மாநிலத் திட்டக் குழுவும் இதுவரை செய்த மதிப்பீட்டு அறிக்கைகளை முழுமையாக, கேள்வித்தாளோடு சேர்த்து, இணையத்தில் ஏற்ற வேண்டும். கோட்டாம்பட்டி தொடங்கி ஊட்டச்சத்துத் திட்டத்தின் பழைய அறிக்கைகளை ஒளிவருடி, நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தனிப் பிரிவாக வைக்கலாம். மதுரையில் நடந்த ஆய்வைப் படிக்க மதுரைக்காரர் உலக வங்கியின் வாஷிங்டன் இணையதளத்துக்குப் போக வேண்டிய நிலை மாற வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டில் ஒரு பகுதியை, நடப்புத் திட்டம் ஒன்றுக்கான முன்னாய்வுத் தொகுப்பாக ஏற்றுக்கொள்ளலாம். சத்துணவு, மகளிர் பேருந்துப் பயணம், உரிமைத் தொகை என்று தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. அடுத்த முறை எந்தத் திட்டமும் கட்டம் கட்டமாக விரியும்போது, எந்த ஒன்றியம் முதலில் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்து, தொடங்கும் முன்பே ஓர் அடிப்படைக் கணக்கெடுப்பு எடுத்துவிட்டால் ஒப்பீடு தானாக அமையும். காலை உணவில் அந்த வாய்ப்பு நழுவியது. ஆனாலும் 2022, 2023, 2024, 2025 என்று பள்ளிகள் சேர்ந்த ஆண்டு வரிசையும், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்திலுள்ள வருகைப் பதிவும் கையில் இருக்கின்றன; அவற்றை வைத்து இன்றும் நேர்மையான ஒப்பீடு செய்ய முடியும்.

தொகுப்பு தயாரானதும் அதன் சுருக்கத்தை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். சமைக்கும் மகளிர் குழுப் பெண்களும் தலைமையாசிரியரும் பெற்றோரும் அங்கே இருப்பார்கள். ஜமைக்காவில் இப்படி நடந்ததாம், கென்யாவில் பிள்ளைகள் பள்ளி மாறினார்களாம், இங்கே எப்படி என்று அவர்களிடம் கேட்டு, சொல்வதை எழுதிக்கொண்ட பிறகு கேள்வித்தாளை இறுதி செய்யலாம்.